ஜெல் கார்டு கிராஸ்மேட்ச்: சிறிய இரத்த மையத்துக்கு ஏற்றதா?

இரத்தம் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் பிளாஸ்மாவையும் கொடையாளரின் சிவப்பணுக்களையும் சேர்த்து வைத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனைக்குக் கிராஸ்மேட்ச் என்று பெயர். தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இந்தச் சோதனை கண்ணாடிக் குழாயை விட்டு ஜெல் கார்டுக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. சிறிய ஊர்களின் இரத்த மையங்களோ, விற்பனைப் பிரதிநிதி வந்து போகும் ஒவ்வொரு முறையும் மாறலாமா வேண்டாமா என்று யோசித்து, விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுப் பழைய குழாய்களுக்கே திரும்பிவிடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு மையத்தில் இரண்டு முறைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பயன்படுத்திய அனுபவத்தில் எழுதும் மதிப்புரை இது. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் கார்டைப் பற்றி மட்டும் நான் எழுதவில்லை. கார்டுக்குக் கார்டு வேறுபாடுகள் உண்டு என்றாலும், வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு அந்த வேறுபாடுகளைப் பொறுத்ததன்று.

கார்டு என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் பெரும்பாலும் ஆறு நுண்குழாய்கள் இருக்கும். சில நிறுவனங்கள் எட்டு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு நுண்குழாயின் மேற்பகுதியும் சற்று அகன்று, பிளாஸ்மாவும் சிவப்பணுக்களும் வினைபுரியும் இடமாக இருக்கிறது. அதற்குக் கீழே குறுகிய தண்டில் டெக்ஸ்ட்ரான் வகையைச் சேர்ந்த ஜெல் மணிகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. கிராஸ்மேட்சுக்கு வாங்கும் கார்டில் இந்த ஜெல்லோடு சிவப்பணுவின்மேல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒட்டியிருந்தால் காட்டித்தரும், ஏஎச்ஜி எனப்படும் கூம்ப்ஸ் சீரம் முன்கூட்டியே கலந்திருக்கும். பிரான்சின் லியோன் நகரத்து இரத்த மையத்தில் இவ் லப்பியேர் என்பவர் 1980களின் நடுப்பகுதியில் கண்டறிந்து, 1990இல் ஆய்விதழில் வெளியிட்ட முறை இது. சுவிட்சர்லாந்தின் டயாமெட் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைப் பயோராட் 2007இல் வாங்கிக்கொண்டது. ஆர்த்தோ நிறுவனத்தின் பயோவியூ கார்டு, ஜெல்லுக்குப் பதிலாகக் கண்ணாடி மணிகளைப் பயன்படுத்துகிறது. அடிப்படைத் தத்துவம் ஒன்றேதான்.

செய்முறை எளிது. கொடையாளர் பையின் குழாய்த்துண்டிலிருந்து எடுத்த சிவப்பணுக்களை, அயனிச் செறிவு குறைந்த லிஸ் கரைசலில் 0.8 சதவீத அளவுக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். பரவலாகப் பயன்படும் கார்டுகளில் அந்தக் கரைசலில் 50 மைக்ரோலிட்டரை முதலில் இட்டு, அதன்மேல் நோயாளியின் பிளாஸ்மாவில் 25 மைக்ரோலிட்டரைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்துவிட்டு, கார்டுக்கென்றே உள்ள செண்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம் சுழற்ற வேண்டும். எதிர்ப்பொருள் ஒட்டாத சிவப்பணுக்கள் ஜெல்லின் இடுக்குகளின் வழியே நழுவி அடியில் ஒரு சிவப்புப் பொட்டாகப் படிந்துவிடும். எதிர்ப்பொருள் ஒட்டிய சிவப்பணுக்களை ஜெல்லில் உள்ள கூம்ப்ஸ் சீரம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், அவை சல்லடையில் தங்கும் கப்பியைப் போல மேலேயோ நடுவிலேயோ நின்றுவிடும். முழுவதும் மேலே நின்றால் வினையின் வலிமை நான்கு கூட்டல் (4+). தண்டு நெடுகச் சிதறி நின்றால் இரண்டு. அடிப்பகுதிக்குச் சற்று மேலே மட்டும் சிறிது தங்கினால் ஒன்று. பொட்டு அடியில் கூர்மையாகப் படிந்திருந்தால் மட்டுமே அந்தப் பையை அந்த நோயாளிக்கு வழங்கலாம்.

இதில் உண்மையான ஆதாயம் எது என்பதைப் புரிந்துகொள்ளக் குழாய் முறையின் மிகப் பலவீனமான இடத்தைப் பார்க்க வேண்டும். ஏபிஓ பிரிவுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஐஜிஎம் வகையைச் சேர்ந்தவை. அவை உருவத்தில் பெரியவை என்பதால் உப்புநீரில் கலந்த சிவப்பணுக்களைத் தாமே பிணைத்துத் திரட்டிவிடுகின்றன. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளை வகைப்படுத்த உதவியதும், 1907இல் நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பெர்க் இரத்தம் ஏற்றுவதற்கு முன் கொடையாளரையும் பெறுபவரையும் பொருத்திப் பார்க்கத் தொடங்கியதும் இந்தத் திரட்சியை வைத்துத்தான். முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் பிள்ளை பெற்றவர்களிடமும் உருவாகும், ஏபிஓ அல்லாத பிற இரத்தப் பிரிவுகளான ஆர்எச், கெல், டஃபி, கிட் வகை எதிர்ப்பொருள்களோ ஐஜிஜி வகையைச் சேர்ந்தவை. அவை சிவப்பணுவின்மேல் ஒட்டிக்கொண்டாலும், அடுத்த சிவப்பணுவை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு நீளமில்லாதவை. ஆகவே குழாயில் ஒன்றும் தெரியாது, ஆனால் நோயாளியின் உடலில் அந்தச் சிவப்பணுக்கள் அழிக்கப்படும். இந்த மறைந்த எதிர்ப்பொருளைக் காட்டித்தருவதற்காக, மனித குளோபுலினுக்கு (ஐஜிஜி அடங்கிய இரத்தப் புரதத்துக்கு) எதிராக முயலில் உருவாக்கிய சீரத்தைப் பயன்படுத்தும் முறையை 1945இல் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகிய மூவரும் வெளியிட்டனர். 1908ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான கார்லோ மொரேஸ்கி இதே கருத்தை எழுதியிருந்தார் என்பதும், அதை எவரும் பொருட்படுத்தவில்லை என்பதும் பின்னரே கவனத்துக்கு வந்தன.

கூம்ப்ஸ் சீரத்துக்கு ஒரு குணம் உண்டு. சிவப்பணுவின்மேல் ஒட்டியிருக்கும் ஐஜிஜி எது, பிளாஸ்மாவில் சும்மா மிதக்கும் ஐஜிஜி எது என்று அதற்குத் தெரியாது. எனவே குழாய் முறையில் அதைச் சேர்ப்பதற்கு முன் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று அல்லது நான்கு முறை கழுவி, பிளாஸ்மாவின் சுவடே இல்லாமல் வடித்துவிட வேண்டும். ஒரு கழுவலில் சிறிது மீந்தாலும், அந்த மீதி கூம்ப்ஸ் சீரத்தை முழுவதுமாகச் செயலிழக்கச் செய்துவிடும். குழாயில் திரட்சி வராது. டெக்னீஷியன் பொருந்துகிறது என்று எழுதிவிடுவார். இந்தத் தவறைப் பிடிப்பதற்காகத்தான் திரட்சி காட்டாத ஒவ்வொரு குழாயிலும் ஐஜிஜி பூசிய கட்டுப்பாட்டுச் சிவப்பணுக்களைச் சேர்த்து, அவை திரள்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதி நல்லதுதான். இரவு இரண்டு மணிக்கு, பிரசவ அறையிலிருந்து தொலைபேசி மணி ஒலித்துக்கொண்டே இருக்கும்போது, ஒற்றை ஆளாகப் பணியில் இருப்பவர் அந்தக் கட்டுப்பாட்டுச் சிவப்பணுக்களைத் தினமும் புதிதாகத் தயாரித்து வைத்திருக்கிறாரா, ஒவ்வொரு குழாயிலும் சேர்க்கிறாரா என்பதைத் துறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

ஜெல் கார்டில் கழுவும் வேலையே இல்லை. சுழற்றும்போது சிவப்பணுக்கள் மட்டும் ஜெல்லுக்குள் இறங்குகின்றன. ஜெல்லில் உள்ள கரைசலைவிட அடர்த்தி குறைந்த பிளாஸ்மா மேலேயே தங்கிவிடுகிறது. கூம்ப்ஸ் சீரமும் மிதக்கும் ஐஜிஜியும் சந்திப்பதற்கு வாய்ப்பில்லை. கார்டுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்காகத்தான் என்பது என் கணிப்பு. விளம்பரத்தாள்கள் உணர்திறனைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன, இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அடுத்த ஆதாயம், முடிவைப் படிப்பதில் இருக்கிறது. குழாயைச் சுழற்றி எடுத்த உடனே, அடியில் படிந்த சிவப்பணுக்களை மெல்ல அசைத்துக் கலைத்து, அவை கட்டியாகப் பிரிகின்றனவா, புகைபோல் கலைகின்றனவா என்று அந்தக் கணத்திலேயே பார்த்துச் சொல்ல வேண்டும். சற்று வேகமாக அசைத்தால் வலுவற்ற திரட்சி உடைந்துவிடும். அனுபவம் மிக்கவரின் கையும் புதிதாக வந்தவரின் கையும் ஒரே குழாயில் இரு வேறு முடிவுகளைத் தரும். கார்டின் முடிவு அசையாமல் நிற்கிறது. இரவில் பார்த்தவர் சந்தேகப்பட்டால் அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு மருத்துவ அலுவலரை அழைத்துக் காட்டலாம். தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பலாம். பதிவேட்டோடு படத்தையும் சேர்த்து வைக்கலாம். இரத்த மையத்தின் பதிவேடுகளை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய நாட்டில், குழாயைப் பொறுத்தவரை பார்த்தவரின் கையெழுத்தைத் தவிர வேறு சான்று எதுவும் மிஞ்சுவதில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். கார்டு சில வேளைகளில் தேவைக்கு மேல் நுட்பமாக இருக்கிறது. முழுமையாக உறையாத சீரத்தைப் பயன்படுத்தினால் இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் இழைகள் ஜெல்லின் மேற்பரப்பில் சிவப்பணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்து, பொருந்தவில்லையோ என்ற பயத்தை உண்டாக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த மாதிரியின் பிளாஸ்மாவைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. வார்டிலிருந்து வரும் மாதிரிகள் எல்லாம் அந்தக் குழாயிலேயே வர வேண்டும் என்று செவிலியர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது, கார்டு வாங்கும் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை.

இன்னொரு வகைச் சிக்கலுக்குக் கார்டைக் குறை சொல்ல முடியாது. நோயாளிக்கு ஐந்து பைகளைப் பொருத்திப் பார்க்கும்போது நான்கு ஒத்துப்போய், ஒன்று மட்டும் ஒத்துவராமல் போவதுண்டு. நோயாளியிடம் எதிர்ப்பொருள் இருக்கலாம் என்பது ஒரு காரணம்; கொடையாளரின் சிவப்பணுக்களின்மேலேயே முன்பே ஐஜிஜி ஒட்டியிருக்கலாம், அதாவது அவருக்கு நேரடிக் கூம்ப்ஸ் சோதனை நேர்மறையாக இருக்கலாம் என்பது மற்றொன்று. உடல்நலம் உள்ள கொடையாளர்களிலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். குழாயில் நழுவிப்போயிருக்கக்கூடிய இந்த வகை முடிவுகள் கார்டுக்கு மாறிய பிறகு அடிக்கடி கண்ணில் படத் தொடங்கும். அந்தப் பையின் சிவப்பணுக்களை மட்டும் தனியே ஒரு நுண்குழாயில் இட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு நுண்குழாய் செலவாகிறது. மாறிய தொடக்கத்தில் டெக்னீஷியன்களுக்கு இதை விளக்கிச் சொல்லாவிட்டால் நல்ல பைகள் ஒதுக்கப்படும், நோயாளியின் உறவினர்கள் வேறு கொடையாளரைத் தேடி அலைவார்கள்.

நோயாளியின் பிளாஸ்மாவையும் அவருடைய சிவப்பணுக்களையுமே சேர்த்துப் பார்க்கும் ஆட்டோ கண்ட்ரோலுக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நுண்குழாயை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால் முதலில் வெட்டப்படுவது இதுதான்; ஆனால் எல்லாப் பைகளும் ஒத்துவராமல் போகும் நாளில், நோயாளியின் உடல் தன் சிவப்பணுக்களையே தாக்குகிறதா, பிறருடையதை மட்டும் தாக்குகிறதா என்பதை அந்த ஒரு நுண்குழாய்தான் சொல்லும். பாம்பே இரத்தப் பிரிவு இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. 1952இல் பம்பாயில் பெண்டேயும் அவருடைய குழுவினரும் முதன்முதலில் விவரித்த இந்தப் பிரிவினரின் சிவப்பணுக்களில், மற்றவர்களிடம் இருக்கும் எச் பொருளே கிடையாது. வழக்கமான பிரிவுச் சோதனையில் அவர்கள் ஓ பிரிவினராகவே தோன்றுவார்கள். அவர்களுடைய பிளாஸ்மாவில் உள்ள எச் எதிர்ப்பொருளோ ஓ பிரிவுப் பைகள் அத்தனையையும் தாக்கும். கார்டில் எல்லா ஓ பைகளும் நான்கு கூட்டலாக மேலே நிற்க, ஆட்டோ கண்ட்ரோல் மட்டும் அடியில் சுத்தமாகப் படிந்திருந்தால், இந்தியாவில் பணிபுரியும் எந்த டெக்னீஷியனுக்கும் அந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இந்தப் பொருள் தயாரிக்கப்படவில்லை. பரவலாக உள்ள கார்டுகளை 18 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சில நிறுவனங்களின் கார்டுகளைக் குளிர்பெட்டியிலும் வைக்கலாம், ஆனால் உறைந்துவிடக் கூடாது. மே மாதத்தில் குளிர்சாதனம் நின்ற அறையில் வைத்த பெட்டியில் ஜெல் வறண்டு, மேற்பரப்பு சரிந்து, குமிழிகள் தோன்றும். அப்படிப்பட்ட கார்டைப் பயன்படுத்தக் கூடாது. வாகனத்தில் படுக்கைவாட்டில் வந்து சேரும் பெட்டிகளில் ஜெல்லின் மேலிருக்கும் திரவம் அலுமினியத் தாளின் அடியில் துளிகளாக ஒட்டியிருப்பதையும் பார்க்கலாம். அவற்றைத் திறப்பதற்கு முன் ஒருமுறை சுழற்றித் திரவத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் தாளைக் கிழித்தால் ஒரு நுண்குழாயின் துளி அடுத்ததில் விழுந்து, இரண்டின் முடிவையும் கெடுத்துவிடும். எங்களுக்கு வந்த ஒரு தொகுப்பில் பாதிப் பெட்டிகள் இப்படி வந்தன. விற்பனையாளர் மாற்றித் தந்தார், ஆனால் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு. பெட்டி வந்த அன்றே திறந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது நல்லது.

மைக்ரோபிப்பெட்டின் துல்லியமும் இங்கே குழாய் முறையைவிட முக்கியமாகிறது. லிஸ் கரைசல் எதிர்ப்பொருள் ஒட்டுவதை விரைவுபடுத்துவது அதன் அயனிச் செறிவு குறைவாக இருப்பதால்தான். பிளாஸ்மாவைக் கூடுதலாக விட்டுவிட்டால் அந்தச் செறிவு உயர்ந்து, 15 நிமிடம் என்ற கணக்கே பொய்த்துப்போகும். குழாய் முறையில் துளிக்கணக்கில் பழகியவர்கள் சற்றுத் தாராளமாக விட்டுவிடுவது வழக்கம். சிவப்பணுக் கரைசல் கெட்டியாக இருந்தாலும் தண்டில் சிவப்பணுக்கள் தேங்கி, இல்லாத எதிர்ப்பொருளை இருப்பதாகக் காட்டும்.

பணம். கூம்ப்ஸ் சீரம் புட்டியிலிருந்து துளியாக எடுத்துச் செய்யும் குழாய்ச் சோதனையைவிடக் கார்டில் ஒரு கிராஸ்மேட்ச் பல மடங்கு செலவு பிடிக்கும். ஒரு யூனிட்டுக்கு வாங்கக்கூடிய செயலாக்கக் கட்டணத்துக்குத் தேசிய வழிகாட்டுதல் 2022இல் வைத்த வரம்பு தனியார் மையங்களுக்கு 1,550 ரூபாய், அரசு மையங்களுக்கு 1,100 ரூபாய். தலசீமியா போன்ற நோய்களுக்காக வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது. இந்தக் கணக்குக்குள் கார்டின் விலையை எங்கே வைப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே நிர்வாகத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் செண்ட்ரிஃபியூஜையும் இன்குபேட்டரையும் விலையின்றித் தந்துவிட்டு, மாதத்துக்கு இத்தனை கார்டுகளாவது வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகின்றன. ஒரு நிறுவனத்தின் செண்ட்ரிஃபியூஜில் மற்றொன்றின் கார்டைப் பொருத்தி, அந்த வேகத்தில் வந்த முடிவை நம்ப முடியாது என்பதால், கையெழுத்திட்ட பிறகு ஒப்பந்தக் காலம் முழுவதும் அதே நிறுவனத்தோடுதான். மாதத்துக்குச் சில பத்துப் பைகளே வழங்கும் மையத்தில், ஒப்பந்தத்துக்காக வாங்கிய கார்டுகள் காலாவதியாகிக் குப்பைக்குப் போவதை நான் கண்டிருக்கிறேன். குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கடந்த ஆண்டின் மிகக் குறைந்த மாதத்தை வைத்துப் பேசுங்கள். சராசரியை வைத்துப் பேசாதீர்கள். ஒரு கார்டில் இரண்டு நுண்குழாய்களை மட்டும் பயன்படுத்தினால், தாள் கிழியாத மற்ற நான்கையும் அடுத்த நோயாளிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல்.

வேகத்தைப் பற்றிய விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். கரைசல் தயாரிப்பது, 15 நிமிடம் வெப்பத்தில் வைப்பது, 10 நிமிடம் சுழற்றுவது, எழுதுவது, ஒட்டுவது எல்லாம் சேர்ந்தால் அரைமணியைத் தாண்டிவிடும். பல பைகளை ஒரே நேரத்தில் பொருத்தும்போது குழாயைவிடக் கார்டு மிக வசதி. ஒரே ஒரு பைக்கு வேறுபாடு பெரிதன்று. பிரசவத்துக்குப் பின் இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு இந்த அரைமணியும் இருக்காது. அப்போது பிரிவை மட்டும் பார்த்து, குழாயில் உப்புநீரில் கலந்து உடனடியாகச் சுழற்றி ஏபிஓ பொருத்தத்தை உறுதிசெய்து, சிகிச்சையளிக்கும் மருத்துவரின் எழுத்துபூர்வமான கோரிக்கையின் பேரில் பையை வழங்கிவிட்டு, கூம்ப்ஸ் கட்டத்தைப் பின்னால் முடிக்க வேண்டும். பிரிவே தெரியாவிட்டால் ஓ பிரிவுச் சிவப்பணுக்கள். அந்த ஏற்பாட்டுக்குக் கார்டு எந்த உதவியும் செய்வதில்லை. சுழற்சியின் நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கார்டின் முடிவைப் பயன்படுத்த முடியாது என்பதால், செண்ட்ரிஃபியூஜுக்கு யுபிஎஸ் இணைப்பு கட்டாயம்.

கார்டு எவற்றைக் காட்டாது என்பதை விற்பனைப் பிரதிநிதி சொல்ல மாட்டார். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். ஆர்எச் நெகட்டிவ் பெண்ணுக்கு அதுவரை ஆர்எச் காரணிக்கு எதிரான டி எதிர்ப்பொருள் உருவாகியிருக்காவிட்டால், ஆர்எச் பாசிட்டிவ் பை கார்டில் முழுப் பொருத்தமாகவே தெரியும். அதை ஏற்றிய பிறகு எதிர்ப்பொருள் உருவாகும். அடுத்த கருவுக்கு அது ஆபத்தாகும். கிட் வகை எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் கார்டும் காட்ட முடியாத அளவுக்குத் தேய்ந்துவிடும். அந்த எதிர்ப்பொருள் தாக்கும் எதிர்ப்பொருள்காட்டி (ஆன்டிஜென்) உள்ள பையை ஏற்றியதும் மீண்டும் பெருகி, ஒரு வாரம் கழித்து மஞ்சள் காமாலையோடும் இறங்கிய ஹீமோகுளோபினோடும் நோயாளி திரும்பி வருவார். முன்பு ஒருமுறை கண்ட எதிர்ப்பொருளைப் பதிவேட்டில் தேடிப் பார்க்கும் பழக்கமும், அதை எழுதிய அட்டையை நோயாளியின் கையில் கொடுத்தனுப்பும் பழக்கமும் மட்டுமே இதற்குப் பாதுகாப்பு. கருவுற்றிருப்பவர்களுக்கும் கடந்த மூன்று மாதங்களுக்குள் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் 3 நாள்களுக்கு மேற்பட்ட மாதிரியை எந்த முறையிலும் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் இதே காரணத்தால்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை மாதிரிக் குழாயின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டில் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் இரத்தத்தை எடுத்து இவர் பெயரை எழுதி அனுப்பினால், கார்டு மிகத் துல்லியமாகப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் பொருத்தம் பார்த்துத் தரும். உலகெங்கும் ஏபிஓ பொருத்தமற்ற இரத்தம் ஏற்றப்பட்டதால் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை சோதனையின் தவறால் நேர்ந்தவை அல்ல. ஆள் மாறாட்டத்தால் நேர்ந்தவை. இரத்தம் ஏற்றுவதில் நேரும் தவறுகளைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கண்காணிப்புத் திட்டம் 1996 முதல் ஆண்டுதோறும் இதையே சொல்லிவருகிறது. இந்தியாவிலும் 2012 டிசம்பரில் இரத்தக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது. பிரான்சில் சிவப்பணுக்களை ஏற்றும் கட்டிலின் அருகிலேயே நோயாளியின் விரலிலிருந்தும் பையிலிருந்தும் சொட்டு எடுத்து ஒரு சிறு அட்டையில் ஏபிஓ பிரிவை இன்னொரு முறை பார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது கட்டாயம். அந்த அட்டை நம் வார்டுகளுக்கும் வந்தால் நான் ஜெல் கார்டுக்கு முன் அதைத்தான் வாங்கச் சொல்வேன். இப்போதைக்கு, முதன்முறை வரும் நோயாளியின் பிரிவை வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரு மாதிரிகளில் உறுதிசெய்துகொள்வது, பெயர்ச்சீட்டில் ஒரு எழுத்து மாறினாலும் மாதிரியைத் திருப்பி அனுப்புவது ஆகிய இரண்டும் செலவில்லாதவை. திருப்பி அனுப்பும்போது வார்டிலிருந்து வரும் வசவைப் பொறுத்துக்கொள்ளும் மனத்திடம் மட்டும் வேண்டும்.

கார்டு வாங்குவதென்று முடிவுசெய்தவர்கள் கிராஸ்மேட்சோடு நிறுத்திக்கொள்ளாமல், எதிர்ப்பொருள் தேடும் சோதனையையும் அதே கார்டில் செய்யத் தொடங்க வேண்டும். எதிர்ப்பொருள்காட்டிகள் இன்னின்னவை என்று முன்கூட்டியே வகைப்படுத்திய மூன்று ஓ பிரிவுச் சிவப்பணுக் கரைசல்களோடு நோயாளியின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பார்த்தால், பை தேவைப்படும் நாளுக்கு முன்பே அவரிடம் எதிர்ப்பொருள் உண்டா என்று தெரிந்துவிடும். தலசீமியா பிள்ளைகளுக்கும், இரண்டாம் மூன்றாம் பிரசவத்துக்கு வருபவர்களுக்கும் இது கிராஸ்மேட்சைவிட அதிகப் பயன் தரும். எந்தப் பையும் ஒத்துவரவில்லை என்று அறுவை அரங்கின் வாசலில் கண்டுபிடிப்பதைவிட, மூன்று நாள் முன்னால் அறிந்துகொண்டால் சென்னைக்கோ வேலூருக்கோ மாதிரியை அனுப்பி எதிர்ப்பொருளை இனங்காண நேரம் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சிவப்பணுக் கரைசல்களின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம்தான். நம் கைக்கு வந்து சேர்வதற்குள் அதில் ஒரு பங்கு கழிந்திருக்கும். சிறிய மையங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே இடத்தில் இந்தச் சோதனையை நடத்துவதே கட்டுப்படியாகும் வழி.

என் மதிப்பீட்டில், இரவுப்பணியில் ஒருவர் மட்டுமே இருக்கும் மையமும், டெக்னீஷியன்கள் அடிக்கடி மாறும் மையமும், தலசீமியா நோயாளிகளையோ டயாலிசிஸ் நோயாளிகளையோ தொடர்ந்து கவனிக்கும் மையமும் தயங்காமல் ஜெல் கார்டுக்கு மாறலாம். பல ஆண்டுகள் ஒரே கைகளில் இருக்கும், கட்டுப்பாட்டுச் சிவப்பணுக்களை நாள்தோறும் ஒழுங்காகப் பயன்படுத்தும், மாதத்துக்கு மிகச் சில பைகளே வழங்கும் மையத்துக்கு அவசரம் இல்லை. பகலில் குழாய், இரவில் கார்டு என்றோ, வசதியுள்ளவருக்குக் கார்டு, இல்லாதவருக்குக் குழாய் என்றோ கலந்து நடத்துவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். முதலாவது குழப்பத்தை உண்டாக்கும், இரண்டாவது நியாயமன்று. மாறிய பிறகும் கூம்ப்ஸ் சீரப் புட்டியையும் குழாய்களையும் ஒழித்துவிடாமல், ஒவ்வொரு டெக்னீஷியனும் மாதம் ஒருமுறையாவது குழாயில் ஒரு கிராஸ்மேட்சை முழுதாகச் செய்து, கட்டுப்பாட்டுச் சிவப்பணுக்களின் முடிவோடு கையெழுத்திட வேண்டும் என்று பணி அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். செண்ட்ரிஃபியூஜ் பழுதானால் பொறியாளர் சென்னையிலிருந்து வந்து சேர இரண்டு நாளாவது ஆகும்.